வாசனை மெழுகுவர்த்தி: ஜொகூர் வெயிலுக்குக் கணக்கு வேறு

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே வாசனை மெழுகுவர்த்தி செய்யும் ஆசை பல வீடுகளில் தொடங்கிவிடுகிறது. சிலர் அன்பளிப்புக்காகச் செய்கிறார்கள், சிலர் நான்கு காசு பார்க்கலாம் என்று செய்கிறார்கள். காணொளியைப் பார்த்து, இணைய அங்காடியில் சோயா மெழுகும் வாசனை எண்ணெயும் வரவழைத்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தால் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். நான்காம் நாள் மேலே எண்ணெய் வியர்த்து நிற்கும். ஏற்றினால் நடுவில் மட்டும் கிணறு போலக் குழி இறங்கும். வாசனையோ, குப்பியை மூக்கருகில் கொண்டுபோனால்தான் தெரியும்.

இதைக் கைராசி என்று ஒதுக்க வேண்டியதில்லை. அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறைகளில் எடுக்கப்பட்டவை. அங்கே அறையின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். மாசாயில் பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. காற்றில் ஈரமும் அதிகம். மெழுகுக்கு இந்தப் பத்து டிகிரி பெரிய வித்தியாசம். அதனால் மெழுகு, எண்ணெய், திரி மூன்றையும் நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றியாக வேண்டும்.

எந்த மெழுகு வாங்குவது?

குப்பியில் ஊற்றுவதற்கென்று விற்கும் சோயா மெழுகு 45 முதல் 50 டிகிரியில் இளகும். வீட்டுக்குள் இது போதும். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். ஸ்ரீ ஆலத்தில் செய்த மெழுகுவர்த்தியைக் காரில் வைத்துவிட்டு பெர்மாஸ் ஜெயாவில் சாப்பிட இறங்கினால், திரும்பி வரும்போது குப்பிக்குள் கஞ்சிதான் இருக்கும். சோயா மெழுகு வாங்குபவர்கள் உறையில் உருகுநிலையைப் பார்த்து, 50 டிகிரியோ அதற்கு மேலோ உள்ளதை எடுப்பது நல்லது. கிடைக்காவிட்டால் சோயாவில் நான்கில் ஒரு பங்கு செம்பனை மெழுகையோ கடினமான பாராஃபினையோ கலந்து பாருங்கள். பாராஃபின் வகையைப் பொறுத்து 50 முதல் 62 டிகிரி வரையிலும், செம்பனை மெழுகு 60 டிகிரியை ஒட்டியும், தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலும் உருகும்.

சில குறிப்புகளில் ‘இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் சேருங்கள்’ என்று வரும். அது குளிர்நாட்டு யோசனை. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் இளகிவிடும். அங்கே அது கட்டியாக இருக்கும். நம் அலமாரியில் அது எப்போதும் திரவம்தான். அதைச் சேர்த்தால் மெழுகு இன்னும் தளர்ந்து வியர்க்கும்.

வெப்ப நாட்டில் மெழுகைக் கடினமாக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்ப்பவர்கள் முதலில் சிலையை மெழுகில் செய்கிறார்கள். வெறும் தேன்மெழுகு கைச்சூட்டிலும் வெயிலிலும் குழைந்துவிடும் என்பதால் அதில் குங்கிலியத்தைக் கலக்கிறார்கள். நமக்குக் குங்கிலியம் தேவையில்லை, அது திரியை அடைத்துவிடும். நமக்குக் கைகொடுப்பது பக்கத்து ஊர்ச் சரக்கு.

பாசீர் கூடாங் சரக்கு

மாசாயிலிருந்து பாசீர் கூடாங் போகும் சாலையில் ஓடும் எண்ணெய் டாங்கி லாரிகளைப் பார்க்காதவர் இல்லை. 1977-இல் தொடங்கிய ஜொகூர் துறைமுகம் நாட்டின் முக்கியமான செம்பனை எண்ணெய் ஏற்றுமதித் துறைகளுள் ஒன்று. அதைச் சுற்றியுள்ள ஆலைகளில் சமையல் எண்ணெய் மட்டுமல்ல, எண்ணெயிலிருந்து பிரிக்கும் கொழுப்பு அமிலங்களும் தயாராகின்றன. அவற்றுள் ஒன்றான ஸ்டியரிக் அமிலம்தான் மெழுகுவர்த்தியைக் கடினமாக்கும் வெள்ளைத் துகள். பெயரில் அமிலம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சோப்பிலும் முகப்பூச்சிலும் இருப்பது அதுதான். 69 டிகிரியில் உருகும்.

1825-இல் பிரான்சில் வேதியியலாளர் செவ்ரோல், கே-லுசாக்குடன் சேர்ந்து ஸ்டியரிக் அமில மெழுகுவர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை ஏழை வீடுகளில் எரிந்தது மாட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தி, புகையும் நாற்றமும் அதிகம். பின்னர் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் மேற்கு ஆப்பிரிக்கச் செம்பனை எண்ணெயை மெழுகுவர்த்திக்கு வாங்கத் தொடங்கின. மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் குலை வெட்டினார்கள், உதிரி பொறுக்கினார்கள். அந்தப் பழத்திலிருந்து வந்த மெழுகு இன்று இணைய அங்காடியில் அழகான பொட்டலத்தில் வீட்டுக்கு வருகிறது.

நின்றெரியும் தூண் வடிவ மெழுகுவர்த்திக்கு 100 கிராம் பாராஃபினில் 10 கிராம் ஸ்டியரிக் அமிலம் சேர்க்கலாம். இதைச் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் மட்டும் உருக்காதீர்கள். அமிலம் செம்போடு சேர்ந்து மெழுகைப் பச்சையாக்கிவிடும். எவர்சில்வர் போதும்.

உருக்குவது

பழைய மைலோ டின்னை அடுப்பில் நேரடியாக வைத்து மெழுகு உருக்குவதுதான் இந்த வேலையில் மிக ஆபத்தான பழக்கம். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நிற்கும். மெழுகு நிற்காது, சூடு ஏறிக்கொண்டே போகும். 200 டிகிரியை நெருங்கும்போது அதிலிருந்து எழும் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. கொதி வராததால் பார்ப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் தெரியாது.

ஆகவே அகலமான சட்டியில் பாதி தண்ணீர் வைத்து, அதற்குள் மூக்கு வைத்த எவர்சில்வர் குவளையை நிறுத்தி உருக்குங்கள். குவளையின் அடி சட்டியைத் தொடாமல் இருக்கச் சிறிய தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். தண்ணீர் வற்றினால் ஊற்ற வேண்டும். மெழுகில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது. வெப்பமானி கட்டாயம் வேண்டும். சமையல், பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைச் சுவரிலும் ஆளின் மேலும் தூக்கி எறியும். அடுப்பை அணைத்து, மூடியையோ அகலமான தட்டையோ பாத்திரத்தின் மேல் நகர்த்தி மூடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள். மூடியும் அடங்காவிட்டால் எல்லாரும் வெளியேறி 999-ஐ அழைக்க வேண்டும். கையில் சூடான மெழுகு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்கவும் வேண்டாம், பற்பசை தடவவும் வேண்டாம். கொப்புளம் பெரிதானால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

அளவு

கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, மின்னியல் தராசில் கிராமில் நிறுக்க வேண்டும். குப்பிக்கு எவ்வளவு மெழுகு பிடிக்கும் என்று அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. எதுவரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி அதை நிறுங்கள். மெழுகு தண்ணீரைவிட இலேசானது. ஆகவே அந்த எடையில் பத்தில் ஒன்பது பங்கு இருந்தால் போதும். தண்ணீர் 220 கிராம் என்றால் மெழுகு ஏறக்குறைய 200 கிராம். பிறகு குப்பியைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

200 கிராம் மெழுகுக்கு வாசனை எண்ணெய் 12 முதல் 16 கிராம், அதாவது நூற்றுக்கு ஆறு முதல் எட்டு. பல மெழுகுகளின் தாங்கும் எல்லை நூற்றுக்குப் பத்து. நம் வெப்பத்தில் அந்த எல்லை வரை போகாமல் ஆறில் தொடங்குவதே என் பரிந்துரை. கூடுதல் எண்ணெய் மெழுகில் ஒட்டாமல் வெளியே வரும். மேலே தேங்கிய எண்ணெய் எரியும்போது குப்பி முழுக்கத் தீயாகும் அபாயமும் உண்டு. வாசனை போதவில்லை என்று எண்ணெயைக் கூட்டுபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள்.

வாசனை எங்கிருந்து வருகிறது?

மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றியே ஒரு சொற்பொழிவுத் தொடர் நடத்தினார். எரிவது கட்டி மெழுகல்ல, திரி வழியே ஏறி ஆவியாகும் மெழுகுதான் என்பதை அவர் செய்து காட்டினார். வாசனைக்கும் இது பொருந்தும். சுடரில் போகும் வாசனை எண்ணெய் எரிந்து போகிறது. அறையில் பரவுவது, சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்திலிருந்து ஆவியாகும் வாசனை. குளம் சிறிதானால் வாசனையும் சிறிது. குளத்தின் அளவைத் தீர்மானிப்பது திரி. ஆகவே வாசனை இல்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது திரியைத்தான்.

இரண்டாவது காரணம் அவசரம். பாராஃபின் இரண்டு மூன்று நாளில் தயாராகும். சோயாவுக்கு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் செய்து முந்தின நாள் விற்பவருக்கு ‘மணமே இல்லையே அக்கா’ என்ற புகார் வரத்தான் செய்யும்.

எண்ணெய் சேர்க்கும் நேரமும் முக்கியம். சோயா மெழுகு 70 முதல் 75 டிகிரியில் இருக்கும்போது அடுப்பிலிருந்து இறக்கி, எண்ணெயை ஊற்றி, முழுதாக இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி சேரும். அரை நிமிடத்தில் நிறுத்தினால் எண்ணெய் அடியில் தங்கிவிடும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கேக்குக்குப் போடும் ரோஸ் எசன்ஸ், பாண்டான் சாறு போன்றவை பெரும்பாலும் தண்ணீர் சார்ந்தவை. மெழுகோடு சேராமல் சொட்டுச் சொட்டாக நின்று திரியைப் பொரிய வைக்கும். உடலுக்கு அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கும். அதைச் சூடான மெழுகில் ஊற்றுவது தீயை அழைப்பது போல. மல்லிகைப் பூவை உருகிய மெழுகில் போட்டால் வாசனை இறங்கும் என்பதும் தவறு. பூவிலுள்ள ஈரம் மெழுகைக் கெடுக்கும், பூ கறுத்துப் போகும். உண்மையான மல்லிகைச் சாறு எடுக்க ஏராளமான பூ தேவை, விலையும் எட்டாத உயரம். மலிவாகக் கிடைக்கும் மல்லிகை எண்ணெய் ஆய்வுக்கூடக் கலவைதான். அதில் குற்றம் இல்லை, மெழுகுவர்த்திக்கென்று தயாரித்ததா என்று மட்டும் பாருங்கள். மேலே அழகுக்காகக் காய்ந்த ரோஜா இதழ் தூவுவதையும் விட்டுவிடலாம். ஒவ்வோர் இதழும் ஒரு புதிய திரியாகும்.

செராய் வாங்கி எண்ணெய் சேர்த்தால் கொசு ஓடும் என்று விற்பவர்கள் உண்டு. கொஞ்சம் குறையலாம். டிங்கிக்கு அதை நம்பியிருக்கக் கூடாது.

திரி

விளக்குத் திரியை மெழுகுவர்த்தியில் வைத்தால் ஏன் சரியாக எரிவதில்லை? அகலில் திரி சாய்ந்து விளிம்பில் படுத்திருக்கும், எண்ணெய் எப்போதும் திரவமாக இருக்கும். மெழுகுவர்த்தியில் திரி தனியே நிமிர்ந்து நிற்க வேண்டும். எரிய எரிய நுனி தானே வளைந்து சுடரின் ஓரத்தில் சாம்பலாகவும் வேண்டும். அதற்காகத்தான் திரியைப் பின்னுகிறார்கள். அதுவும் 1825-இல் பிரான்சில் வந்த உத்திதான், செய்தவர் கம்பசெரே. முறுக்கிய பஞ்சில் அந்த வளைவு வராது, கரி நீண்டு புகையும்.

கடையில் திரி எண் போட்டு விற்கிறார்கள். அந்த எண் உங்கள் குப்பியின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும், உயரத்துக்கு அல்ல. விற்பவரின் அட்டவணையில் குப்பியின் விட்டத்துக்கு உரிய எண்ணையும், அதற்கு ஒன்று மேலும் ஒன்று கீழும் வாங்குங்கள். மூன்று குப்பிகள் செய்து மூன்றையும் ஏற்றிப் பாருங்கள். கணக்கு இதுதான்: விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஒரு மணி நேரம். 7 செ.மீ. குப்பியில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் உருகிய குளம் விளிம்பைத் தொட வேண்டும். தொடாமல் நடுவில் கிணறு விழுந்தால் திரி சிறியது. இரண்டு மணிக்குள் தொட்டு, சுடர் உயர்ந்து ஆடி, கண்ணாடியில் கரி படிந்து, குப்பி கை வைக்க முடியாதபடி சுட்டால் திரி பெரியது. மின்விசிறிக்குக் கீழே வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். காற்று பட்டால் எந்தத் திரியும் புகையும்.

ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை 5 மி.மீ. அளவுக்கு நறுக்க வேண்டும். நுனியில் காளான் போலக் கரி உருண்டை நின்றால் அதையும் எடுத்துவிடுங்கள். முதல் முறை ஏற்றும்போது குளம் விளிம்பு வரை வராமல் அணைத்தால், அடுத்த முறையும் அதே வட்டத்துக்குள்தான் உருகும். ஏற்கெனவே கிணறு விழுந்ததைச் சரிசெய்ய, சுடரை அணைத்துவிட்டு, முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றால் மேற்பரப்பை உருக்கிச் சமப்படுத்தலாம்.

மற்ற கோளாறுகள்

மேலே எண்ணெய் வியர்த்தால் அதைத் தாளால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகே ஏற்ற வேண்டும். அடுத்த முறை எண்ணெயை நூற்றுக்கு இரண்டு குறையுங்கள் அல்லது கடினமான மெழுகைக் கலந்து பாருங்கள். பகலில் வெப்பம், இரவில் குளிரூட்டி என்று மாறி மாறி இருக்கும் அறையில் நல்ல கலவைகூட வியர்க்கும். அலமாரிக்குள் மூடி வையுங்கள்.

கண்ணாடியில் ஆங்காங்கே ஈரத் திட்டு போலத் தெரிவது ஈரமல்ல. மெழுகு சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகிய இடம் அது. ஊற்றும் முன் குப்பியை வெந்நீரால் வெதுவெதுப்பாக்கி, துடைத்து, நன்கு உலர்த்திக்கொண்டால் குறையும். முழுதாகப் போகாது, எரிவதற்கும் அது தடையில்லை. சோயா மெழுகின் மேல் வெண்மையாகப் பூக்கும் பூஞ்சை போன்ற படலமும் அப்படித்தான். அது பூஞ்சை அல்ல, கொழுப்பு படிகமாவது. நிறம் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதால், சோயாவில் அடர் நிறம் போடாமல் இருப்பதே எளிது. பிள்ளைகளின் வண்ண மெழுகுக் குச்சியை உருக்கி நிறம் சேர்க்கும் பழக்கம் வேண்டாம். அந்த நிறத் துகள் திரியை அடைத்துவிடும்.

திரியை ஒட்டிப் பள்ளம் விழுந்தால் ஊற்றியபோது சூடு அதிகம் என்று பொருள். சோயாவை 55 முதல் 60 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். செம்பனை மெழுகு இதற்கு நேர்மாறு. அதன் இறகு போன்ற படிகக் கோலம் வேண்டுமென்றால் 85 டிகிரிக்கு மேலே சூடாக ஊற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். உள்ளே வெற்றிடம் நிற்கும் என்பதால், பாதி இறுகியதும் குச்சியால் இரண்டு மூன்று துளை குத்தி, மீதி மெழுகை மேலே ஊற்ற வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று எதையும் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், வெடிப்பு விழும்.

குப்பி, அகல், சிரட்டை

தடித்த, கீறல் இல்லாத கண்ணாடிக் குப்பி நல்லது. வாய் குறுகிய சம்பால் பாட்டிலில் சூடு உள்ளேயே தேங்கிக் கண்ணாடி வெடிக்கலாம். தீபாவளிக்கு மண் அகலில் மெழுகு ஊற்றுவது பார்க்க இலட்சணம்தான். ஆனால் பூசாத மண், மெழுகையும் எண்ணெயையும் உறிஞ்சி அடிவழியே கசியவிடும், மேசை விரிப்பும் சேர்ந்து கெடும். உள்புறம் பளபளப்புப் பூச்சு உள்ள அகலைத் தேர்ந்தெடுங்கள். தேங்காய்ச் சிரட்டை இன்னும் மோசம், அதுவே விறகு.

அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போதே நிறுத்திவிட வேண்டும். ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிய விடக்கூடாது.

2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசீர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நாட்களில் மூச்சுத் திணறிய பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில், மூடிய குளிரூட்டி அறையில் எந்த வாசனை மெழுகுவர்த்தியையும் ஏற்ற வேண்டாம். ‘இயற்கை எண்ணெய்’ என்று எழுதியிருந்தாலும் இதுதான்.

விற்க நினைப்பவர்களுக்கு

முதல் பத்துக் குப்பிகளை விற்காதீர்கள். ஏற்றிப் பாருங்கள், கடைசி வரை எரித்துப் பாருங்கள். அந்தச் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும். மெழுகு, எண்ணெய், திரி, குப்பி, பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 9 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்குப் போன பத்து 90 ரிங்கிட். அடுத்து 60 குப்பி விற்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றின் மேலும் ஒன்றரை ரிங்கிட் ஏறும். எரிவாயுவும், உங்கள் இரண்டு மணி நேர உழைப்பும் இன்னும் கணக்கில் வரவில்லை. 12 ரிங்கிட்டுக்கு விற்று இலாபம் என்று நினைப்பவர்கள் தங்கள் கூலியைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள்.

தொடர்ந்து விற்பதென்றால் வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். இரவுச் சந்தைக் கடைக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் தனி. ஒவ்வொரு குப்பியின் அடியிலும் எடை, மெழுகின் வகை, செய்த தேதி, ‘கண் பார்வையில் எரிய விடவும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும், திரியை 5 மி.மீ. நறுக்கவும்’ என்ற மூன்று வரி இருக்கட்டும். தமிழோடு மலாயிலும் எழுதுங்கள், வாங்குபவர் யாரென்று தெரியாது. எந்தத் தேதியில் எந்த மெழுகு, எத்தனை கிராம் எண்ணெய், எந்த எண் திரி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு குப்பியில் புகார் வந்தால், அதே நாளில் செய்த மற்றவற்றைத் திரும்பப் பெற அந்த நோட்டு ஒன்றுதான் வழி.

மிஞ்சிய மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் ஊற்றி இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள். குவளையைச் சூடாக இருக்கும்போதே தாளால் துடைத்துவிட்டால் பிறகு தேய்க்க வேண்டியிருக்காது.